நிலத்தை ஒட்டி ஓடை ஓடுகிறதா? தண்ணீரில் உங்கள் உரிமை எதுவரை: நீலகிரி விவசாயிகளுக்கான சட்ட வழிகாட்டி

அருவங்காடு, கேத்தி, குன்னூர் பகுதியில் தேயிலையோ மலைக்காய்கறியோ வைத்திருக்கும் சிறு விவசாயியா நீங்கள்? உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்து நான்கெல்லை விவரத்தைப் படித்துப் பாருங்கள். மலைச்சரிவில் இருக்கும் நிலம் என்றால், கீழ் எல்லை 'ஓடை' அல்லது 'பள்ளம்' என்று எழுதியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பத்திரத்தில் அது ஒரே ஒரு சொல். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் நீர்ப்போகத்துக்கு உருளைக்கிழங்கோ கேரட்டோ போடும்போது, நிலத்தின் மதிப்பே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

இந்த ஓடைகளைப் பற்றி விவசாயிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று வகை. மேல் தோட்டத்துக்காரர் மோட்டார் வைத்து எல்லாத் தண்ணீரையும் எடுத்துவிடுகிறார், தடுக்க முடியுமா? ஓடைக்கரையில் அப்பா காலத்திலிருந்து பயிர் செய்கிறோம், இப்போது ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன செய்வது? பக்கத்து நிலத்து ஊற்றிலிருந்து பைப் போட்டு எடுத்த தண்ணீரை, நிலத்தைப் புதிதாக வாங்கியவர் நிறுத்திவிட்டார், நமக்கு உரிமை உண்டா?

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஓடை உங்கள் சொத்து அல்ல. ஆனால் அதில் ஓடும் தண்ணீரைப் பயன்படுத்தும் உரிமை, கரையில் நிலம் வைத்திருப்பவர் என்ற முறையில் உங்களுக்கு உண்டு. அதே உரிமை மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் எதிர்க்கரைக்காரருக்கும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் ஜெயிக்க வேண்டிய வழக்கில் தோற்கிறார்கள். கரையோர நிலத்தையே இழக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஓடை யாருடையது?

1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சென்னை மாகாணக் காலத்தில் வந்த 3-வது சட்டம் அது. ஆறு, ஓடை, ஏரி, குளம், வாய்க்கால், தேங்கிய நீர், ஓடும் நீர் எல்லாம் அரசின் சொத்து என்று அதன் 2-வது பிரிவு அறிவிக்கிறது. ரயத்துவாரி பட்டா போன்ற உரிமைகளுக்குள் அடங்கியவை மட்டும் விலக்கு. வருவாய்த் துறை உங்களுக்கு அனுப்பும் நோட்டீஸ் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வரும்.

இதே பிரிவில் பலர் படிக்காமல் விடும் ஒரு வாசகமும் இருக்கிறது. அரசின் அந்த உடைமை, மற்ற நில உரிமையாளர்களின் இயற்கை உரிமைகளுக்கும் வசதியுரிமைகளுக்கும், சட்டப்படி நிலவும் வழக்காற்று உரிமைகளுக்கும் உட்பட்டது என்பதே அந்த வாசகம். ஓடையின் தரை அரசுடையது என்பதாலேயே கரைக்காரரின் தண்ணீர் உரிமை போய்விடாது. ஓடையை அரசு சொத்தாக்கிய பிரிவே உங்கள் உரிமையையும் ஒப்புக்கொள்கிறது.

சில இடங்களில் சிறிய ஓடை தனி சர்வே எண்ணாகப் பிரிக்கப்படாமல் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும். அப்போது தரை உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் உங்கள் எல்லைக்குள் புகுந்து வெளியேறும் தண்ணீரை முழுசாக நிறுத்திக்கொள்ளும் உரிமை அதனால் வராது.

1882-ம் ஆண்டுச் சட்டம் தருவது

வக்கீல்கள் 'ஈஸ்மென்ட் சட்டம்' என்று சொல்லும் இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்திலேயே இந்தச் சட்டம் செல்லுபடியான சில பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 7-வது பிரிவில் உள்ள விளக்க உதாரணங்களே ஓடைக்கரை விவசாயிக்கு ஆதாரம். அவற்றை எளிய தமிழில் சொன்னால் இப்படி வரும்.

உங்கள் நிலத்தை ஒட்டியோ ஊடாகவோ இயற்கையான, தெளிவான தடத்தில் ஓடும் ஓடை, அளவிலும் திசையிலும் வேகத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லாமல் உங்கள் எல்லைக்கு வந்து சேர வேண்டும். மற்றவர்கள் அதைத் தடுக்கவோ வெகுவாகக் குறைக்கவோ கூடாது. நியாயமில்லாத முறையில் அசுத்தப்படுத்தவும் கூடாது. வெப்பநிலையை மாற்றக்கூடாது என்றுகூட அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இங்கே அது யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாது, ஆனால் அந்தக் காலத்தில் எவ்வளவு நுணுக்கமாக எழுதினார்கள் என்பது தெரியும்.

கரையில் நிலம் வைத்திருப்பவர் குடிக்கவும், வீட்டு உபயோகத்துக்கும், ஆடு மாடுகளுக்கும் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். பாசனத்துக்கும், அந்த நிலத்தில் இருக்கும் தொழிற்கூடத்துக்கும் எடுக்கலாம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உங்களைப் போலவே கரையில் இருக்கும் மற்றவர்களுக்குக் கணிசமான பாதிப்பு வரக்கூடாது. குடிநீருக்கும் கால்நடைக்கும் சட்டம் முதல் மரியாதை கொடுக்கிறது. பாசனம் அதற்கு அடுத்த வரிசை.

அருவங்காட்டுக்காரர்களுக்குத் தொழிற்கூடம் என்றதும் 1903-ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை நினைவுக்கு வரலாம். காட்டேரி அருவியின் விசையில் எடுத்த மின்சாரத்தில் அது ஓடிய வரலாறு உண்டு. அரசு செய்த அந்த ஏற்பாடு வேறு வகை. அதைக் காட்டி, தனியார் ரிசார்ட் ஓடைத் தண்ணீரை மொத்தமாகத் திருப்பிக்கொள்ள முடியாது.

'ஓடை' என்றால் வருடம் முழுக்க ஓட வேண்டும் என்ற அவசியம் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடினாலும், பூமிக்கு அடியில் தெரிந்த தடத்தில் ஓடினாலும் சட்டப்படி அது இயற்கை ஓடையே. 'கோடையில் காய்ந்துவிடுகிறது, இது ஓடையே இல்லை' என்று யாராவது வாதிட்டால் அசர வேண்டாம்.

இன்னொன்று, இது இயற்கை உரிமை. 20 வருடம், 30 வருடம் அனுபவித்ததாக நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. போன மாதம் நிலம் வாங்கியவருக்கும் இந்த உரிமை உண்டு. பல வருடம் ஓடைத் தண்ணீரை எடுக்காமல் இருந்தவருக்கும் அது இல்லாமல் போவதில்லை.

'அந்த நிலத்துக்கு' என்ற வார்த்தை

பாசன உரிமை, ஓடையை ஒட்டிய நிலத்துக்குத்தான். சாலைக்கு அந்தப் பக்கம் உங்களுக்கே இன்னொரு தோட்டம் இருந்தாலும், ஓடையைத் தொடாத அந்த நிலத்துக்கு இந்தச் சட்டத்தின் பேரில் தண்ணீர் கேட்க முடியாது. கீழே இருப்பவர்களுக்குப் பாதிப்பு இல்லாதவரை யாரும் பிரச்சினை பண்ண மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இதே காரணத்தால், ஓடையில் மோட்டார் வைத்து லாரியில் ஏற்றி விற்பது கரைக்காரரின் உரிமைக்குள் வரவே வராது. மேல் தோட்டத்துக்காரர் தன் கேரட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் 'எவ்வளவு எடுத்தார், எனக்கு எவ்வளவு குறைந்தது' என்று நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டும். அவர் டேங்கரில் ஏற்றி விடுதிக்கு அனுப்பினால் அந்தக் கணக்கில் பாதிகூடத் தேவைப்படாது. உங்கள் புகாரில் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எழுதுங்கள்.

ஓடைக்கும் உங்கள் பட்டாவுக்கும் நடுவே வேறொருவர் நிலமோ பொதுப்பாதையோ இருந்தால் நீங்கள் கரைக்காரர் ஆக மாட்டீர்கள். நடுவில் இருப்பது அகலமான கரைப் புறம்போக்கு என்றால் வாதத்துக்கு இடம் உண்டு. அதைப் புல வரைபடத்தோடு ஒரு சிவில் வக்கீலிடம் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அரசின் பிடி

கரைக்காரரின் உரிமையை மற்ற தனியாருக்கு எதிராகப் பயன்படுத்துவது சுலபம். அரசுக்கு எதிராக அப்படி அல்ல. ஆறு, ஓடை, இயற்கை ஏரிகளின் தண்ணீரைச் சேர்ப்பது, தேக்குவது, பகிர்ந்து கொடுப்பது ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் அரசின் உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்று அதன் 2-வது பிரிவே சொல்கிறது. வறட்சியில் ஊர்க் குடிநீருக்காக மோட்டார் பாசனத்தை நிறுத்தச் சொல்லி நிர்வாகம் உத்தரவிட்டால், 'நான் கரைக்காரன்' என்ற ஒரே பதில் போதாது. எதிர்ப்பதானால், உத்தரவு சட்டப்படி பிறப்பிக்கப்பட்டதா, எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

உலகம் முழுக்க இந்த விதி ஒன்றுபோல இல்லை. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் நம்மைப் போலக் கரைக்காரருக்குத்தான் உரிமை. வறண்ட மேற்கு மாநிலங்களில் யார் முதலில் தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தினாரோ அவருக்கே முதல் உரிமை, அவர் நிலம் ஓடையைத் தொட வேண்டும் என்பதே இல்லை. பக்கத்தில் கேரளா 2003-ல் கொண்டுவந்த பாசன, நீர்ப் பாதுகாப்புச் சட்டம் நீர்வழிகளையும் அவற்றில் உள்ள தண்ணீரையும் அரசின் சொத்து என்று அறிவித்தது. கூடலூர் எல்லையில் இரு மாநிலத்திலும் நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏரிக்கரை, அணைக்கரை நிலங்கள்

7-வது பிரிவு பேசுவது இயற்கை ஏரி, குளங்களைப் பற்றி. நீலகிரியில் நாம் ஏரி என்று சொல்லும் பெரிய நீர்நிலைகள் பலவும் மனிதர்கள் கட்டியவை. ஊட்டி ஏரியே 1820-களில் ஜான் சல்லிவன் ஓடையைத் தடுத்து உண்டாக்கியதுதான். எமரால்டு, அவலாஞ்சி, பைக்காரா, மேல் பவானி எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள். அவற்றின் கரையில் நிலம் வைத்திருப்பதால் மட்டும் அந்தத் தண்ணீரில் இயற்கை உரிமை வராது. அரசோ மின்வாரியமோ கொடுக்கும் அனுமதிதான் வழி. கோடையில் தண்ணீர் வற்றி வெளியே தெரியும் அணைத் தரையில் காய்கறி போடுகிறவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். அந்தத் தரை உங்கள் பட்டாவின் நீட்சி அல்ல.

ஊற்றும் சதுப்பும்: மலைக்கே உரிய சிக்கல்

சமவெளியில் தண்ணீர்ச் சண்டை வாய்க்காலில் நடக்கும். இங்கே சண்டை ஊற்றில் தொடங்கும். ஓடைக்கு ஒரு விதி, ஊற்றுக்கு வேறு விதி என்பது பலருக்குத் தெரியாது.

உங்கள் நிலத்தில் கசிந்து, தெளிவான தடம் இல்லாமல் பரவி நிற்கும் தண்ணீரை நீங்கள் உங்கள் எல்லைக்குள் சேர்த்துப் பயன்படுத்தலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. அதே தண்ணீர் ஒரு தடம் பிடித்து ஓட ஆரம்பித்துவிட்டால், கீழே இருப்பவர்களுக்கு அதில் உரிமை பிறந்துவிடும். ஆகவே 'ஊற்று என் நிலத்தில் இருக்கிறது, சொட்டு விடமாட்டேன்' என்று மேல்காரர் சொல்வது சில இடங்களில் சரி, சில இடங்களில் தவறு. பழைய ஓடைத்தடம் இருந்ததா என்பதுதான் கேள்வி. கிராம வரைபடமும் புல வரைபடமும் அதற்குப் பதில் சொல்லும்.

சரி, பக்கத்து நிலத்து ஊற்றிலிருந்து 25 வருடமாக டியூப் போட்டு எடுக்கிறீர்கள். அதனால் உரிமை வந்துவிட்டதா? 20 ஆண்டு அமைதியாக, வெளிப்படையாக, இடைவிடாமல், உரிமையோடு அனுபவித்தால் வசதியுரிமை கிடைக்கும் என்கிறது 15-வது பிரிவு. அரசு நிலம் என்றால் 30 ஆண்டு. ஆனால் 17-வது பிரிவு ஒரு கதவை மூடுகிறது. ஓடையாக ஓடாத, குட்டையிலோ தொட்டியிலோ நிரந்தரமாகத் தேங்காத மேற்பரப்புத் தண்ணீருக்கு, எத்தனை வருடம் எடுத்தாலும் இப்படி உரிமை வராது. சதுப்பில் கசியும் தண்ணீரில் நேராக டியூபைச் சொருகி எடுத்தவருக்கு இது பாதகம். நிரந்தரமாகத் தண்ணீர் நிற்கும் குட்டையிலிருந்து எடுத்தவருக்கு வழக்கு உண்டு. அடுத்தவர் நிலத்தின் வழியாகப் பைப் கொண்டுபோகும் உரிமை தனி. அதை 20 ஆண்டு அனுபவத்தால் பெற முடியும்.

இதில் விவசாயிகளைக் கவிழ்க்கும் வார்த்தை 'உரிமையோடு' என்பது. 'அண்ணா, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கறேன்' என்று கேட்டு, அவரும் 'எடுத்துக்கோப்பா' என்று சொல்லி எடுத்தது அனுமதி. உரிமை அல்ல. அனுமதியை, பொதுவாக, கொடுத்தவர் திரும்பப் பெறலாம். நிலம் கைமாறினால் புது உரிமையாளர் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. மலைக்கிராமங்களில் அரை நூற்றாண்டு ஓடிய பைப்புகள், நிலத்தை வெளியூர்க்காரர் வாங்கிய மறுமாதமே நிற்பது இதனால்தான். உறவு நன்றாக இருக்கும்போதே, எந்த ஊற்று, எந்த வழி, எத்தனை அங்குல பைப், எந்த நேரம் என்று எழுதி, பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்வது ஒன்றே பாதுகாப்பு. பதிவு செய்துவிட்டால் அடுத்து வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும். வில்லங்கச் சான்றிலும் தெரியும்.

ஊருக்கே பொதுவாக ஒரு ஊற்று இருந்து, ஹட்டியில் உள்ள எல்லோரும் தலைமுறையாக அதில் தண்ணீர் எடுத்தால் அது வேறு கதை. உள்ளூர் வழக்கத்தால் வரும் உரிமையை 18-வது பிரிவு ஏற்கிறது. வனத்தை ஒட்டிய பழங்குடி கிராமங்களுக்கு 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் நீர்நிலைகளில் சமுதாய உரிமை கோரும் வழி இருக்கிறது. அதற்குக் கிராம சபைதான் முதல் படி.

யாராவது தடுத்தால் நாளை எண்ணுங்கள். தடுத்தது யார் என்று தெரிந்தும் ஓராண்டு பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டால், அது உங்கள் அனுபவத்தில் இடைவெளியாகக் கணக்காகும். வழக்குப் போடும் தேதிக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் முடியும் 20 ஆண்டு அனுபவத்தைத்தான் நீதிமன்றம் பார்க்கும். 'பேசித் தீர்ப்போம்' என்று மூன்று வருடம் இழுத்தவர், 40 வருட அனுபவம் இருந்தும் வெறுங்கையோடு நிற்க நேரலாம். பேசுங்கள், ஆனால் பதிவுத் தபாலில் ஒரு ஆட்சேபணைக் கடிதத்தை முதல் மாதமே அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

கரையில் செய்யக்கூடாதவை

இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் ஸ்பான் மோட்டல் என்ற விடுதி இருந்தது. வெள்ளம் தன் கட்டடத்தைத் தொடாமல் இருக்க, புல்டோசர்களை வைத்து ஆற்றின் போக்கையே திருப்பினார்கள். எம்.சி.மேத்தா எதிர் கமல்நாத் என்ற அந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு, காடு, கடற்கரை போன்றவற்றை அரசு மக்களுக்காக அறங்காவலர்போல வைத்திருக்கிறது, அவற்றைத் தனியார் லாபத்துக்குக் கொடுக்க முடியாது என்றது. குத்தகை ரத்தானது. சூழலைச் சீராக்கும் செலவு விடுதியின் தலையில் விழுந்தது. 2002-ல் 10 லட்சம் ரூபாய் கூடுதல் தண்டத்தொகையும் விதிக்கப்பட்டது. மலை ஓடைக்கரையில் நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும். விடுதிக்கு எதிராக நீங்கள் இதைக் காட்டலாம், உங்களுக்கு எதிராக அடுத்தவரும் காட்டலாம்.

கரை அரிப்பைத் தடுக்க உங்கள் எல்லைக்குள் கல்சுவர் கட்டுவதும் வெட்டிவேர் நடுவதும் தவறில்லை. சுவரை ஓடைக்குள் தள்ளிக் கட்டி, வெள்ளத்தை எதிர்க்கரைக்கு விரட்டுவது தவறு. ஓடைத்தரையில் தடுப்பணை, கான்கிரீட் தொட்டி, கிணறு எதைச் செய்வதானாலும் வருவாய்த் துறையின் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். நீலகிரியில் பட்டா நிலத்திலேயே மண் அள்ளும் எந்திரத்தை இறக்கவும் ஆழ்துளைக் கிணறு போடவும் நிர்வாகத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. கரையில் நிற்கும் மரத்தை வெட்ட, 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். மரம் உங்கள் பட்டாவில் இருந்தாலும் இதே விதிதான்.

2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குன்னூர், கேத்தி பகுதிகளில் பாதிப்பு அதிகம். தண்ணீர் தன் தடத்தைக் கேட்டு வரும் மலை இது. ஓடைத்தடத்தை மண் போட்டு மூடி இரண்டு வரிசை தேயிலை கூடுதலாக நடுவதில் கிடைக்கும் லாபம், ஒரே மழையில் முழுத் தோட்டத்தோடு போகலாம்.

அசுத்தம் விஷயத்திலும் விவசாயி இரண்டு பக்கமும் நிற்கிறார். விடுதிக் கழிவுநீர் ஓடையில் கலந்தால் நீங்கள் புகார் கொடுக்கலாம். 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு, ஓடையில் மாசு கலப்பதையே தடை செய்கிறது. ஆனால் கேத்தி பாலாடா பகுதியில் கேரட் கழுவும் எந்திரங்களின் சேற்றுத் தண்ணீர் ஓடையில் விடப்படுவது பற்றி எழுந்த புகார்களும் அதே சட்டத்தைத்தான் காட்டின. கழுவிய தண்ணீரை ஒரு குழியில் தேக்கி, வண்டல் படிந்த பிறகு நிலத்துக்கே பாய்ச்சலாம். மருந்து தெளித்த ஸ்பிரேயரை ஓடையில் அலசும் பழக்கத்தை இன்றே விடுங்கள். கீழே ஒருவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்.

ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தால்

முதலில் பதறி எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். 1905-ம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவின்படி, வெளியேற்றும் முன் உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். அந்தக் காலக்கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். கூடவே சர்வேயரை வைத்து அளக்கக் கேட்டுப் பணம் கட்டுங்கள். மலையில் ஓடை வருடா வருடம் கொஞ்சம் நகரும். இன்று தண்ணீர் ஓடும் இடமும் வரைபடத்தில் இருக்கும் ஓடைப் புறம்போக்கும் ஒன்றாக இல்லாமல் போகலாம். நீங்கள் பயிர் செய்யும் இடம் பட்டாவுக்குள்தான் என்று அளவையில் வந்தால் அத்தோடு பிரச்சினை தீர்ந்தது. உத்தரவு பாதகமாக வந்தால் அதே சட்டத்தின் 10-வது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம்.

அளந்து பார்த்து அது புறம்போக்குதான் என்று தெரிந்தால், நிலத்துக்காகச் சண்டை போடுவதில் பயன் குறைவு. 'முப்பது வருடமாக பி-மெமோ கட்டுகிறேன்' என்று ரசீதுகளைக் காட்டுவார்கள். பி-மெமோ என்பது ஆக்கிரமிப்புக்கான தண்டம். அந்த ரசீது உரிமைக்குச் சான்று அல்ல, ஆக்கிரமிப்பை நீங்களே ஒப்புக்கொண்டதற்குத்தான் சான்று. நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. 2001-ல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும், 2005-ல் எல்.கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் நீர்நிலைகளை மீட்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. புறம்போக்கை விட்டுக்கொடுத்தாலும், பட்டா எல்லை ஓடையைத் தொடும்வரை தண்ணீர் உரிமை உங்களிடமே இருக்கும். பதிலில் அதை ஒரு வரியாவது எழுதிப் பதிவு செய்யுங்கள்.

தண்ணீரைத் தடுத்தால் எங்கே போவது?

ஆதாரம் சேர்ப்பது முதல் வேலை. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு நகல், புல வரைபடம், கிராம வரைபடம் ஐந்தையும் வாங்கி வையுங்கள். பிறகு ஓடையின் அளவை நீங்களே குறித்துவையுங்கள். தண்ணீர் ஒரே இடத்தில் விழும்படி ஒரு தகரத்தையோ பைப்பையோ வைத்து, 20 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 10 விநாடி என்றால் விநாடிக்கு 2 லிட்டர், மணிக்கு 7,200 லிட்டர். மாதம் இரண்டு முறை, தேதி தெரியும் போட்டோவோடு ஒரு நோட்டில் எழுதி வந்தால், மேலே மோட்டார் வைத்த பிறகு எவ்வளவு குறைந்தது என்று யாரும் மறுக்க முடியாதபடி காட்டலாம். 'தண்ணி வரவே இல்லைங்க' என்று சொல்வதைவிட இந்த நோட்டு பத்து மடங்கு பேசும்.

அவசரம் என்றால் கோட்டாட்சியர்தான் முதல் கதவு. நிலம், தண்ணீர் ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறு அமைதியைக் கெடுக்கும் நிலைக்குப் போனால், நிர்வாக நடுவர் என்ற முறையில் அவர் விசாரித்துத் தடுப்பை நீக்க உத்தரவிட முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 147-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 166-வது பிரிவு. இதில் ஒரு கெடு இருக்கிறது. வருடம் முழுக்க அனுபவிக்கும் உரிமை என்றால், விசாரணை தொடங்கும் முன் 3 மாதத்துக்குள் நீங்கள் அந்தத் தண்ணீரை எடுத்திருக்க வேண்டும். பருவத்துக்கு மட்டும் என்றால் கடைசிப் பருவத்தில் எடுத்திருக்க வேண்டும். அதனால்தான் தாமதம் ஆபத்து.

வேண்டுமென்றே பாசனத் தண்ணீரையோ குடிநீரையோ குறைப்பது குற்றமும்கூட. பாரதிய நியாய சன்ஹிதா 326-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல் போலீஸ் கேஸ் போட்டுவிட்டு அதே ஊரில் இருபது வருடம் வாழ வேண்டும் என்பதையும் யோசியுங்கள். விஏஓ, ஊர்ப் பெரியவர் முன்னிலையில் முறை வைத்து எடுப்பது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால், பல இடங்களில் அதுவே நிற்கும்.

நிரந்தரத் தீர்வு சிவில் நீதிமன்றத்தில்தான். உரிமையை அறிவிக்கவும், தடுப்பை அகற்றவும், மேலும் தடுக்காமல் இருக்கவும் சேர்த்தே கேளுங்கள். இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படியும் மனுப் போடுங்கள். ஓடை வழக்குகளில் அந்த அறிக்கைக்குப் பெரிய மதிப்பு உண்டு. கோடை முடிவதற்குள் அவர் வந்து பார்க்கும்படி செய்யுங்கள். ஜூலையில் வந்தால் எல்லா ஓடையும் நிரம்பித்தான் ஓடும்.

மாசு சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அடுத்து சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. தீர்ப்பாயத்துக்குப் பிரச்சினை தொடங்கிய 6 மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு கேட்பதற்கு மட்டும் 5 ஆண்டு அவகாசம் உண்டு. தனிப்பட்ட தண்ணீர்ப் பங்கீட்டுச் சண்டையை அங்கே கொண்டுபோகாதீர்கள், அது அவர்கள் வேலை அல்ல.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. பட்டா மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ இருந்தால் அவரையே மனுதாரராகப் போடலாம். மனுவோடு புல வரைபட நகலையும் அந்த வாளிக் கணக்கு நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.